காது மந்தமான வாத்தியார்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் “உங்களுக்குப் பிடித்த வெளிநாட்டுக் கவிஞர் யார்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். “ஈடா கெர்ஹார்ட், டச்சுக்காரர்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதுதான் வினை. பெருமாள்மலை தபால்காரர் ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டாகக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். பூண்டு விலை, காட்டுமாட்டுத் தொந்தரவு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்க வேண்டும். இந்த முறை அந்த அம்மாளுக்கே எல்லாப் பக்கமும்.

யார் இந்த ஈடா கெர்ஹார்ட்? இணையத்தில் தேடினால் எல்லாம் டச்சில் வருகிறது. மலைமேல் இருக்கும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? – வாசகி, வத்தலக்குண்டு

2006-ல் குறிஞ்சி பூத்ததே, அந்தப் பூவைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்குத் தங்கினார். ஹாலந்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். வந்த நாளிலிருந்து மழை. பூவைப் பார்க்க முடியாமல் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த ஒரே கவிதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பார். படித்துவிட்டு இங்கிலீஷில் சொல்வார். எனக்கு டச்சு தெரியாது. சத்தம்தான் முதலில் பிடித்தது. பெயரின் முதல் எழுத்தை நான் ‘கெ’ என்று எழுதுகிறேன். அவர்கள் அதைத் தொண்டையில் உரசிச் சொல்கிறார்கள். நம் ஆய்த எழுத்தைக் கொஞ்சம் கோபமாகச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஈடா 1905 மே 11 அன்று ஹோரின்கெம் என்ற ஆற்றோர ஊரில் பிறந்தார். கிரேக்கமும் லத்தீனும் படித்தார். பட்டம் வாங்கிய பிறகும் நிலையான வேலைக்குப் பல வருஷம் அலைந்தார். 30-களில் அங்கேயும் வேலையில்லாத் திண்டாட்டம்தான். 1939-ல் காம்பென் என்ற ஊரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் கவிதைத் தொகுப்பான ‘கோஸ்மோஸ்’ 1940-ல் வந்தது. எந்த மாதம் தெரியுமா? மே. அதே மாதம்தான் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் புகுந்தது. ஈடா வளர்ந்து படித்த ராட்டர்டாம் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. கவிதைப் புத்தகத்தை யார் புரட்டிப் பார்ப்பார்கள்! 1942-ல், ஆக்கிரமிப்புக்கு நடுவிலேயே, பழைய ரோமக் கவிஞர் லுக்ரேஷியஸின் நெடுங்கவிதையில் ஒன்றாம், ஐந்தாம் புத்தகங்களை மொழிபெயர்த்து டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் பில்ட்ஹோவனில் கீஸ் பூகே நடத்திய பள்ளியில் 1951 முதல் 1963 வரை ஆசிரியை. அந்தப் பள்ளியில் மாணவர்களை மாணவர் என்று சொல்ல மாட்டார்களாம், ‘வேலைக்காரர்’, ஆசிரியர் ‘உடன்வேலைக்காரர்’. (எங்கள் பள்ளியில் இதைச் சொல்லியிருந்தால் தலைமை ஆசிரியர் மயங்கி விழுந்திருப்பார்.) 1979-ல் அந்நாட்டின் பெரிய இலக்கியப் பரிசான பி.சி.ஹோஃப்ட் விருது. 1997-ல், 92 வயதில் காலமானார்.

கவிதை எழுதச் சொல்லிக்கொடுக்க முடியுமா? அவருக்கு யார் குரு? – கல்லூரி மாணவர், கொடைக்கானல்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ராட்டர்டாமில் அவர் படித்த பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் நடத்தியவர் யான் ஹெண்ட்ரிக் லேயோபோல்ட். 1865 மே 11 அன்று பிறந்தவர். குருவும் சிஷ்யையும் ஒரே தேதி, நடுவில் சரியாக நாற்பது வருஷம். லேயோபோல்ட் பெரிய கவிஞர், பெரிய அறிஞர். ரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அவுரேலியஸ் கிரேக்கத்தில் எழுதிய குறிப்புகளைச் சுவடி ஒப்பிட்டுச் சரிபார்த்து, 1908-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட பதிப்பு இவருடையது. ஆனால் பிழைப்பு? அதே பள்ளிக்கூடம், அதே இலக்கண வகுப்பு, முப்பது வருஷத்துக்கு மேல். கல்யாணம் ஆகவில்லை. காது மந்தமாகிக்கொண்டே போனது. ஆட்களை விட்டு விலகிவிட்டார். 1925-ல் இறந்தார்.

டச்சுக் கவிதையில் ஓசை நயத்துக்கு யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இவர் பெயரைத்தான். காது கேட்காதவர்! என் அடுப்படி டச்சு அம்மாள் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது எனக்கு 78. இரண்டு காதிலும் மெஷின். இப்போது நம்புகிறேன். வெளிச்சத்தம் குறையக் குறைய, சின்ன வயதில் மனப்பாடம் செய்தது உள்ளே உரக்கக் கேட்கத் தொடங்குகிறது.

நான் 60-களில் செம்பகனூர் சேசு சபைக் கல்லூரியில் (பாதிரியார் ஆகப் படிக்கிற இடம்) கொஞ்ச காலம் லத்தீன் படித்தவன். எங்கள் பாதிரியார் ரோமக் கவிஞர் விர்ஜிலை விளக்கவே மாட்டார். மேசையில் விரலால் தட்டுவார், அவ்வளவுதான். ஒரு நெடில், இரண்டு குறில். இல்லாவிட்டால் இரண்டு நெடில். அடிக்கு ஆறு சீர். கடைசி பெஞ்சில் இருந்த நான் ஓரத்தில் பென்சிலால் ‘கூவிளம் தேமா’ என்று எழுதிவைத்தேன். நம் அசைக்கணக்கும் அவர்கள் கணக்கும் முழுசாக ஒட்டாது. ஆனாலும் விர்ஜிலின் வரி எப்படித் தொடங்கினாலும், முடியும்போது ஏறக்குறைய எப்போதும் ‘கூவிளம் தேமா’வில்தான் வந்து நிற்கும். பாதிரியார் நோட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “இதை எனக்கும் சொல்லிக்கொடு” என்றார்.

கவிதை எழுதச் சொல்லிக்கொடுக்க முடியாது, தம்பி. தட்டிக் காட்டலாம்.

லத்தீனில் விவசாயம் பற்றிக் கவிதை இருப்பதாகவும் அதை ஈடா மொழிபெயர்த்ததாகவும் என் பேத்தி சொல்கிறாள். காப்பியும் மிளகும் போட்டுக் கஷ்டப்படுகிற எனக்கு அதனால் என்ன லாபம்? – காப்பித் தோட்டக்காரர், தாண்டிக்குடி

ஐயா, கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. ஆனாலும் கேளுங்கள்.

விர்ஜிலின் ‘ஜார்ஜிக்ஸ்’ நான்கு புத்தகம். முதலாவது உழவும் வானிலையும், இரண்டாவது மரமும் திராட்சையும், மூன்றாவது கால்நடை, நான்காவது தேனீ. உள்நாட்டுச் சண்டையில் நிலமெல்லாம் பாழாய்ப் போன காலத்தில் எழுதியது. முதல் புத்தகத்தின் முடிவில் ஓர் இடம்: பின்னொரு நாள் உழுகிறவனின் கொழுவில் துருப்பிடித்த ஈட்டிகள் சிக்கும், மண்வெட்டி காலி இரும்புத் தொப்பிகளில் இடிக்கும், தோண்டிய குழியில் கிடக்கும் பெரிய எலும்புகளைப் பார்த்து அவன் வாய் பிளப்பான். ஈடா இதை டச்சில் வெளியிட்ட வருஷம் 1949. 1944–45 குளிர்காலத்தில் ஹாலந்தின் மேற்குப் பக்கம் பஞ்சத்தில் செத்தது. டூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். அந்த ஜனங்களுக்கு இந்த வரிகள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையதாகவா பட்டிருக்கும்?

தேனீப் பகுதிதான் எனக்கு உயிர். தேன் எடுக்கப் போகும் முன் தண்ணீரால் வாயைக் கழுவு, கையில் புகையைப் பிடித்துக்கொண்டு போ, வருஷத்துக்கு இரண்டு முறை எடு, கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எழும்போது ஒன்று, மறையும்போது ஒன்று என்கிறான் விர்ஜில். எனக்குப் பழக்கமான ஒரு பளியர் பெரியவருக்கு இதைத் தமிழில் சொன்னேன். மலைத்தேன் எடுக்கக் கொடி கட்டிப் பாறையில் இறங்கியவர் அவர். சுத்தபத்தமாக இருந்துதான் கிளம்புவார். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தாளு எந்த மலை?” என்றார். செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்றும் விர்ஜில் எழுதியிருப்பதைச் சொன்னேன். “அப்ப அந்தாளு தேன் எடுத்ததில்ல” என்றார்.

இன்னொன்று. விர்ஜிலுக்கு எல்லாமே ஓயாத உழைப்பில்தான் கிடைக்கிறது. நம் கபிலரோ பாரியின் மலையில் உழவர் உழாமலே மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று நான்கு விளையும் என்கிறார். எது சரி என்று தாண்டிக்குடிக்காரரான நீங்கள்தான் சொல்ல வேண்டும். களையெடுப்புக்கு ஆள் கிடைக்காத மாதத்தில் கேட்டால் விர்ஜில் பக்கம் சாய்வீர்கள் என்று நினைக்கிறேன்.

கடவுளைக் கும்பிடுகிறவரா, மறுக்கிறவரா ஈடா? – வாசகர், பண்ணைக்காடு

தெய்வங்கள் நம்மைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை, எல்லாம் அணுக்களின் ஓட்டம் என்ற லுக்ரேஷியஸையும் அவர்தான் மொழிபெயர்த்தார். தோழி மாரி வான் டெர் ஸைடேயுடன் சேர்ந்து எபிரேயம் கற்று, 1972-ல் பைபிளின் திருப்பாடல்கள் 150-ஐயும் மொழிபெயர்த்ததும் அவர்தான். மடங்களில் அதைப் பாடுகிறார்கள். இரண்டையும் ஒரே கை எழுதியதில் எனக்கு முரண் தெரியவில்லை. இரண்டுமே வானத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசுகிறவை.

பெற்ற தாயைக் குறைசொல்லிக் கவிதை எழுதினாராமே! இது முறையா? – வாசகி, பழனி

எழுதினார். தாய்க்கும் அவருக்கும் கடைசிவரை ஆகவில்லை. அந்தக் காயத்தை மூடி மெழுகவில்லை. அப்பாவைப் பற்றியும் ஆறுகளைப் பற்றியும் அத்தனை பாசமாக எழுதியவர் அம்மாவிடம் மட்டும் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் இப்படி ஒருத்தி எழுதினால் முதலில் கல்லெறிவோம். எறிகிற கூட்டத்தில் நானும் இருந்திருப்பேன், 30 வயதில்.

செம்பகனூரை விட்டு ஏன் வந்தீர்கள்? – பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம்

அவள் இதைப் படிக்கிறாள். அடுத்த கேள்வி.

லத்தீன் இன்னும் ஞாபகம் இருக்கிறதா? – வாசகர், பெருமாள்மலை

பொருள் பாதி போய்விட்டது. தாளம் போகவில்லை. காலையில் கடைவீதிக்கு நடக்கும்போது கைத்தடி ரோட்டில் கூவிளம் தேமா என்றுதான் விழுகிறது. பின்னால் வரும் ஜீப்பின் ஹாரன் கேட்பதில்லை, மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வத்தலக்குண்டு வாசகி அவர்களே, உங்கள் ஊர் மருந்துக்கடையில் 13-ஆம் நம்பர் பேட்டரி வைத்திருக்கிறார்களா? இதற்காக மதுரை வரை போக வேண்டியிருக்கிறது.