பின்சுவர் மட்டும் மிஞ்சிய ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆர்மீனியா பற்றிய உங்கள் பயணக்குறிப்பை வாசித்துவிட்டு, சென்ற அக்டோபரில் நானும் கணவரும் அந்நாட்டின் தெற்கிலுள்ள பழைய குகை ஊரான கிண்ட்சோரெஸ்க் போனோம். கோரிஸ் நகரில் இரவு தங்கி, காலையில் காரில் போய் இறங்கி, தொங்குபாலத்தைக் கடந்து குகைகளைப் பார்த்தோம். உடன் வந்தவர், "1950கள் வரை இவர்கள் குகைமனிதர்களாகவே வாழ்ந்தார்கள்" என்றார். அந்தச் சொல் உறுத்தியது. ஆனால் மறுத்துப் பேசவும் என்னிடம் ஒன்றுமில்லை. கண்ணுக்குப் பட்டதெல்லாம் பாறையில் இருண்ட பொந்துகள்தான். முக்கால் மணிநேரத்தில் திரும்பிவிட்டோம். இவ்வளவு அழகான இடத்தை விட்டு ஏன் போனார்கள்? துரத்தினார்களா, அவர்களாகவே போனார்களா? எதையோ பார்க்காமல் வந்துவிட்டோம் என்ற எண்ணம் இன்னும் விடவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உறுத்தியது சரிதான். நீங்கள் பார்க்காமல் விட்டது அந்த ஊரின் முன்பாதியை. யாராலும் அதை இப்போது பார்க்கமுடியாது, அது விழுந்துவிட்டது. நீங்கள் கண்ட பொந்துகள் வீடுகள் அல்ல, வீடுகளின் கடைசி அறைகள்.

அந்தப் பாறை எரிமலைச் சாம்பல் இறுகி உருவானது. உளிக்கு இணங்கும். உள்ளே குடைந்து ஓர் அறை எடுத்தார்கள், அதற்கு முன்னால் கல்லும் மரமும் கொண்டு சுவரெழுப்பிக் கூரை போட்டார்கள். பழைய புகைப்படங்களில் குகை கண்ணுக்கே தெரியாது. சரிவு முழுக்கத் தட்டைக்கூரை வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கீழ்வீட்டின் கூரைதான் மேல்வீட்டின் முற்றம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 8,000 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். 7 பள்ளிகள் இருந்தன. கிழக்கு ஆர்மீனியாவின் மிகப்பெரிய கிராமம் அது. புனித ஹ்ரிப்சிமே தேவாலயம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட ஊர்க்காரர்களைக் குகைமனிதர்கள் என்று சொல்பவர் சமையலறையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைப் பற்றிப் பேசுகிறார்.

நான் முதல்முறை போனபோது எனக்கும் பொந்துகள் மட்டும்தான் தெரிந்தன. இரண்டாம் முறை மழை பிடித்துக்கொண்டது. ஒரு குகைக்குள் ஒதுங்கி ஒரு மணிநேரத்துக்கு மேல் இருக்கவேண்டியதாயிற்று. வேறு வேலை இல்லாததால் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். வாசலுக்கு வெளியே, தலைக்கு மேலே, பாறையில் வரிசையாக ஐந்து சதுரக் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. உத்தரங்கள் செருகிய குழிகள் அவை. அந்த நொடியில் கூரை இருந்த இடம் தெரிந்துவிட்டது. நான் நனைந்துகொண்டு ஓடிவந்த புல்தரை ஒரு கூடம். உள்ளே திரும்பினால் இடுப்புயரத்தில் இரண்டு மாடக்குழிகள். ஒன்றின் மேல்விளிம்பில் மட்டும் நாக்கு நாக்காகக் கரி ஏறியிருந்தது, விளக்கு வைத்த இடம். இன்னொன்று சுத்தமாக இருந்தது. தரையில் ஒரு வட்டப்பள்ளம் பாதி மண்மூடிக் கிடந்தது. ஆர்மீனிய வீடுகளில் தரைக்குள் புதைத்த தோனிர் அடுப்பில்தான் லவாஷ் ரொட்டி சுடுவார்கள். அதற்கு நேர்மேலே கூரைப்பாறை கன்னங்கரேலென்று மின்னியது. விரலால் தேய்த்தேன், ஒட்டவில்லை. அத்தனை தலைமுறைப் புகை பாறையோடு பாறையாகிவிட்டிருந்தது.

அதன்பிறகு எந்தக் குகைக்குப் போனாலும் முதலில் வெளியே நின்று உத்தரக்குழிகளைத்தான் தேடுகிறேன். கிடைக்காவிட்டால் அது தொழுவமாகவோ கிடங்காகவோ இருந்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்வேன். மேல்குகைகளுக்கு மட்டும் ஏறாதீர்கள். ஒரு காலத்தில் ஏணியும் கயிறும் வைத்து ஏறியவை அவை. இப்போது பாறை உதிர்கிறது.

அழகான இடத்தை ஏன் விட்டுப்போனார்கள் என்று கேட்கிறீர்கள். அந்தப் பள்ளத்தாக்கை அவர்கள் அழகுக்காகத் தேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. படை எளிதில் இறங்கமுடியாத இடம் அது. ஊர்ப்பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஆர்மீனிய மொழியில் கிண்ட்சோர் என்றால் ஆப்பிள். கோர் ட்சோர் என்றால் ஆழமான பள்ளத்தாக்கு, அது மருவி வந்தது என்பது மற்றது. எனக்கு இரண்டாவதில்தான் மனம் நிற்கிறது.

தேவாலயத்தைத் தாண்டி ஓடையோரமாக நடந்திருந்தால் மிகித்தார் ஸ்பராபெத்தின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பராபெத் என்றால் படைத்தலைவர். 1720களில் இந்தப் பகுதியான சியூனிக் மலைகளில் துருக்கிய ஒட்டோமான் படைகளை எதிர்த்து நின்ற ஆர்மீனியத் தலைவர் தாவித் பெக்குக்குப் பின் தலைமையேற்றவர். அவரைக் கொன்றது ஒட்டோமான் படை அல்ல. இந்த ஊர்க்காரர்களே கொன்றார்கள். இவர் இங்கே இருக்கும்வரை நமக்கு அழிவுதான் என்ற பயம். அந்தக் கல்லருகே நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். அவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருந்தும் அவர்களுக்குப் பயம் தெளியவில்லை. சொந்தத் தலைவனைக் கொல்லுமளவுக்கு அது முற்றியிருக்கிறது.

1950களில் நடந்ததைத் துரத்தல் என்று சொல்லமாட்டேன், முழுக்க விருப்பம் என்றும் சொல்லமாட்டேன். குகைவீடுகள் மனிதர் வாழத் தகுந்தவை அல்ல என்று சோவியத் அரசு முடிவு செய்தது. மேலே சமவெளியில் அதே பெயரில் புதிய ஊர் எழுந்தது. அங்கே வண்டி வரும். கீழே வராது. எல்லாவற்றையும் முதுகிலோ கழுதையிலோ ஏற்றவேண்டும். குடும்பம் குடும்பமாக ஏறிப்போனார்கள். நீங்கள் பாலத்துக்கு வருமுன் காரில் கடந்துவந்த ஊர் அதுதான். எந்த வழிகாட்டியும் அங்கே வண்டியை நிறுத்துவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இதைக் 'கைவிடப்பட்ட ஊர்' என்று எழுத எனக்கு இப்போது கை வருவதில்லை. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் படை தாக்கியதும், அந்நாட்டுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நகோர்னோ-கராபாக் பகுதியிலிருந்து 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களுக்குள் வெளியேறினார்கள். காரின் மேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு அவர்கள் வந்துசேர்ந்தது நீங்கள் இரவு தங்கிய அதே கோரிஸுக்கு. ஊரைக் கைவிடுவது என்றால் அது. கிண்ட்சோரெஸ்க் மக்கள் போனது கூப்பிடுதூரம்தான். பலர் பழைய அறைகளை ஆடுமாடு கட்டவும் கிடங்காகவும் வைத்துக்கொண்டார்கள்.

மேலூரில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். ஓட்டுநர் மொழிபெயர்த்தார். கீழே பிறந்தவர், ஏறிவந்தபோது ஒன்பது வயதாம். அவர் நினைவில் அழகு பற்றி எதுவும் இல்லை, பனி பற்றித்தான் இருந்தது. பனி விழுந்தால் கூரையை யார் வழிப்பது என்பதில் கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் ஓயாத சண்டை. உங்கள் கூரை என்பார் ஒருவர், உங்கள் முற்றம் என்பார் மற்றவர். சொல்லும்போது இரு குரல்களிலும் பேசிக்காட்டினார். பிறகு அந்த மேல்வீட்டுப் பையனைத்தான் கட்டிக்கொண்டாராம்.

நீங்கள் கடந்த தொங்குபாலம் 2012இல் வந்தது. 160 மீட்டர் நீளம், 63 மீட்டர் உயரம். ஊர் காலியாகி அரைநூற்றாண்டு கழிந்தபின் கட்டியது. கீழே வாழ்ந்தவர்கள் எதிர்ச்சரிவுக்குப் போக இறங்கி ஏறித்தான் போனார்கள். பாலம் வந்ததும் பேரன்கள் பாட்டியைக் கைப்பிடித்து நடுப்பகுதிவரை அழைத்துப்போயிருக்கிறார்கள். "பிறந்த வீட்டைக் காட்டு பாட்டி" என்று கேட்டார்களாம்.

"வெகுநேரம் தேடினேன்," என்றார். "தெரியவில்லை. எங்கள் வீட்டை நான் கீழேயிருந்து அண்ணாந்துதானே பார்த்திருக்கிறேன்."

அன்புடன்.