புல்தரையை எடுத்துவிட்டு ஜல்லி கொட்டினால் போதுமா?

வீட்டுக்கு முன்னால் இருக்கும் புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றி மாளவில்லை, எடுத்துவிட்டு ஜல்லி கொட்டினால் தொல்லை விட்டதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். புல்லைத் தாராளமாக எடுங்கள். ஜல்லியை மட்டும் முழுக்கக் கொட்டிவிடாதீர்கள்.

நீங்களும் என்னைப் போல விடுமுறை நாளில் புல் வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டுகிற ஆள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோடையில் புல் பச்சையாக நிற்க வாரம் 25 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் 50 சதுர மீட்டருக்கு வாரம் 1,250 லிட்டர். எங்கள் வீட்டில் அவ்வளவையும் குடித்த புல்லில் கால் வைத்த ஒரே ஆள், அதை வெட்டப் போன நான்தான். அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021-இல் போட்ட சட்டம் இந்த மாதிரி யாரும் புழங்காத அலங்காரப் புல்லைத்தான் குறிவைத்தது. லாஸ் வேகாஸ் பகுதியில் சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் இருக்கும் புல்லுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது. தனி வீடுகளை அந்தத் தடை தொடவில்லை. உங்கள் வீட்டில் குழந்தைகள் புல்லில் உருண்டு விளையாடுகிறார்கள் என்றால் அந்த இடத்தை அப்படியே விடுங்கள், அது வீண் இல்லை.

இனி ஜல்லி. வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்கும். மேலே விழும் இலையைக் கூட்ட முடியாது. அது கல்லுக்கு இடையிலேயே மக்கி மண்ணாகும், அந்த மண்ணில் களை முளைக்கும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் களை வராது என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். விரிப்புக்கு மேலே சேரும் தூசியில் முளைப்பதை அது எப்படித் தடுக்கும்? கோரைக்கு அந்தக் கவலையும் இல்லை, கீழேயிருந்தே விரிப்பைக் குத்திக்கொண்டு வரும். போதாததற்கு விரிப்பு இருந்தால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடும். நடைபாதைக்கு ஜல்லி சரி, நானும் போட்டிருக்கிறேன், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

உண்மையான வேலை புல்லைச் சாகடிப்பதுதான், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்களுடையது அருகம்புல். மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்திப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தண்டு ஓடும், இழுத்தால் அறுந்துவிடும், அறுந்த துண்டில் ஒரு கணு இருந்தால் போதும், திரும்பத் தழைக்கும். உழவு மெஷின் ஓட்டுகிறேன் என்று ஒருவர் வந்தார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஒரு செடியை நூறாக நறுக்கிப் பதியம் போடுவது போல ஆகிவிடும். கடும் வெயில் காலத்தில் புல்லை ஒட்ட வெட்டி, மண்ணை நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்கை இழுத்து விரித்து, ஓரமெல்லாம் மண்ணில் புதைத்து, நாலு முதல் ஆறு வாரம் விட வேண்டும். சூடு உள்ளேயே அடைபட்டு மேல்மண்ணில் இருப்பதை வேகவைத்துவிடும். ஆழத்தில் தப்பியது பிறகு எட்டிப் பார்க்கும், பார்த்த அன்றே பிடுங்க வேண்டும். மண்ணில் இருக்கும் மண்புழு, நுண்ணுயிர் எல்லாம் என்ன ஆவது என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்பார்கள். அடிபடும்தான், மறுக்கவில்லை. மேலே மக்கிய உரம் போட்டால் மெல்லத் திரும்பி வரும். உங்களுடையது சாது ரகப் புல் என்றால் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, நனைத்து, மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சருகு போட்டாலே அடங்கிவிடும்.

புல்லுக்குப் பதிலாக மிதிபடும் இடத்தில் பொடுதலை வைத்தேன். தரையோடு படரும், லேசான மிதியைத் தாங்கும், குட்டிக் குட்டியாக வெளிர்ப் பூ பூக்கும். தேனீ வரும், வெறுங்காலோடு நடப்பவர்கள் பார்த்து நடக்க வேண்டும். ஓரத்தில் வெட்டிவேர், வெயில் மூலையில் கற்றாழை, காகிதப்பூ. தண்ணீர் அதிகம் கேட்பதையும் கேட்காததையும் கலந்து நடாதீர்கள், ஒரே குழாயில் ஒன்று அழுகும், இன்னொன்று வாடும். முதல் வருடம் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும், வறட்சி தாங்கும் செடி என்பது வேர் இறங்கிய பிறகுதான் உண்மை. தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட எப்போதாவது ஊற்றினாலும் ஆழமாக இறங்கும்படி ஊற்றினால் வேர் கீழே போகும்.

எங்கள் உறவுக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புல்லைக் கொத்தும்போது “ஏன் இந்த வேண்டாத வேலை, வீடு மொட்டையாகிவிட்டது” என்று நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன மச்சான், இப்போது வருகிறவர்களை எல்லாம் அழைத்துப்போய்ப் பொடுதலையைக் காட்டுகிறார். அது “எங்கள் யோசனை”யாம். அன்றைக்கு ஒரு வாளி மண் தூக்கச் சொன்னபோது முதுகுவலி. கல்யாண வேலையிலும் இதே முதுகுவலிதான், அதைத் தனியாக எழுதலாம்.

பாம்பு வரும் என்று கீழே யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: தரையோடு கிடக்கும் செடியில் பாம்பு ஒளிய இடம் குறைவு, வாசலுக்குப் பக்கத்தில் புதர் வைக்காமல் இருந்தால் சரி. முழுத் தரையையும் ஒரே மூச்சில் தோண்ட வேண்டாம். யாரும் நடக்காத ஓரத்தில் தொடங்குங்கள். வெயில் காலத்தில் மூடி வைத்து மழைக்கு முன் நட்டுவிட்டால் ஆரம்பத் தண்ணீரில் பெரும்பங்கை மழையே ஊற்றிவிடும்.