நெல் இலைச்சுருட்டுப் புழு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இலைகள் நீளவாக்கில் மடிந்து, வெள்ளைக் கோடுகளாகத் தெரிகின்றன. நோயா, பூச்சியா?

பூச்சிதான். புழு இலையின் இரண்டு ஓரங்களையும் தன் நூலால் இழுத்து ஒட்டிவிட்டு, உள்ளே இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சள் புழு இருக்கும். தொட்டால் துள்ளி நெளியும். ஒரே புழு பல இலைகளை மடிக்கும். அதனால் மடிப்பை எண்ணிவிட்டு அத்தனை புழு என்று பயப்பட வேண்டாம்.

எந்தெந்த நாடுகளில் உண்டு?

இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, சீனா, கொரியா, ஜப்பான் வரை. தெற்கே ஆஸ்திரேலியாவிலும் உண்டு. ஜப்பானின் பெரும்பகுதியில் குளிர்காலத்தை இதனால் தாங்க முடியாது. ஆண்டுதோறும் இந்தப் புழுவின் தாய்ப்பூச்சி தென்மேற்குக் காற்றோடு கடல் தாண்டி வருகிறது. இறக்கை விரித்தாலும் 2 செ.மீ. அளவே இருக்கும் அந்துப்பூச்சி அது! எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

நெல் இல்லாத மாதங்களில் எங்கே இருக்கும்?

வரப்பில் உள்ள புற்களில். சோளம், மக்காச்சோளம், கரும்பிலும் வளரும். ஆனாலும் நெல்தான் முதல் விருப்பம்.

நட்டு 20 நாள் ஆகிறது. அங்கங்கே இலை மடிந்திருக்கிறது. இப்போதே மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். தூர் கட்டும் (பக்கத்தண்டுகள் விடும்) பருவத்தில் நெல், இழந்த இலைக்கு ஈடாகப் புது இலை விட்டுவிடும். இலை தின்னும் புழுக்களுக்காக நட்ட முதல் 30 நாள், நேரடி விதைப்பென்றால் 40 நாள் மருந்தடிக்க வேண்டாம் என்பதுதான் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரை. 1990-களில் வியட்நாமின் மெகாங் டெல்டாவில் இதைப் பரப்பியபோது மருந்தடிப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. அவசரப்பட்டு அடித்தால் முதலில் சாவது, பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் சிலந்தியும் ஒட்டுண்ணிக் குளவிகளும். அப்புறம் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்து உட்கார்ந்துகொள்ளும். அது இதைவிடப் பெரிய இழப்பு.

கவனிக்க வேண்டியது கண்ணாடி இலையை. கதிருக்கு முன் வரும் அந்தக் கடைசி இலைதான் மணிக்குச் சோறு போடுகிறது. அதில் 5% சேதம் கண்டால் நடவடிக்கை எடுங்கள். அதற்கு முந்திய பருவத்தில் 10% இலைச் சேதம் வரை பொறுக்கலாம்.

மர நிழல் விழும் இடத்தில் மட்டும் அதிகம். ஏன்?

நிழல் இந்தப் பூச்சிக்குப் பிடிக்கும். யூரியா கூடிப்போய்க் கரும்பச்சையாக நிற்கும் பயிரும் அப்படித்தான். சரி, நிழலை மாற்ற முடியாது. யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடலாம்.