ஐந்து பேர் சேர்ந்து போகும் குகை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எவர்க்வெஸ்ட் என்னும் இணைய விளையாட்டை ஆடிய மூத்தவர்கள், அந்தக் காலத்து டஞ்சனில்தான் (அரக்கர்கள் நிறைந்த குகையில்தான்) நட்பு பிறந்தது என்கிறார்கள். அப்படி என்ன இருந்தது அதில்?

பதில்: 1999-ல் வந்த எவர்க்வெஸ்டில் ஒரு சர்வரில் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் தனி உலகில்) ஒவ்வொரு டஞ்சனுக்கும் ஒரே பிரதிதான். எத்தனை குழு உள்ளே வந்தாலும் அதே அறைகள், அதே அரக்கர்கள். 6 பேர் கொண்ட குழு ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு, அங்கே திரும்பத் திரும்ப முளைப்பவற்றை அடிக்கும். இதற்கு 'கேம்ப்' என்று பெயர். எந்த அறை யாருடையது என்று விளையாட்டு சொல்லாது; ஆட்டக்காரர்களே முறை வகுத்துக்கொண்டார்கள். உள்ளே வருபவர் 'கேம்ப் செக்' என்று கேட்பார். இருப்பவர்கள் தங்கள் இடத்தைச் சொல்வார்கள். இடமில்லை என்றால் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான்.

தோற்று ஓடுகிறவரின் பின்னால் அரக்கர் கூட்டம் வாசல்வரை துரத்தி வரும். அதுதான் 'ட்ரெய்ன்'. ஓடும்போதே அந்தச் சொல்லை எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட வேண்டும். கத்தாமல் ஓடினால் வழியில் உட்கார்ந்திருக்கும் குழுவும் சாகும். செத்தால் அனுபவப் புள்ளி குறையும், உடைமைகள் சடலத்தோடு குகைக்குள்ளேயே கிடக்கும். மீட்க நாலு பேர் துணையும், இழந்த புள்ளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தர, உயிர்ப்பிக்கும் பூசாரியான ஒரு கிளெரிக்கும் தேவை. முந்தைய நாள் அடுத்தவர் அறையைப் பறித்தவருக்கு யார் வருவார்கள்? சர்வர் முழுக்கப் பெயர் தெரிந்திருந்ததால்தான் ஒழுங்கு நின்றது.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் புதிதாகக் கில்ட் (ஆட்டக்காரர் சங்கம்) தொடங்கி, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் விளையாட்டில் டெட்மைன்ஸ் என்னும் டஞ்சனுக்குப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் செத்து, சண்டையில் முடிகிறது. தவறு எங்கே?

பதில்: அடி வாங்கும் டேங்க் ஒருவர், உயிர் ஏற்றும் ஹீலர் ஒருவர், அடிக்க மூவர் என்று இருந்தால் ஆள் கணக்கு சரி. பெரும்பாலும் கோளாறு த்ரெட் என்னும் சீண்டல் கணக்கில்தான் இருக்கும். ஒவ்வோர் அரக்கனும் தன்னை யார் எவ்வளவு சீண்டினார்கள் என்று தனிக்கணக்கு வைத்திருக்கிறது. பக்கத்தில் நின்று அடிப்பவர் டேங்க்கின் கணக்கில் 110 சதவீதத்தையும், தூரத்திலிருந்து அடிப்பவர் 130 சதவீதத்தையும் தாண்டினால் அது அவர்மேல் திரும்பும். ஹீலர் ஏற்றும் உயிரில் பாதி அளவு த்ரெட்டாகி, சண்டையில் இருக்கும் அரக்கர்களுக்குள் பிரியும். டேங்க் ஒன்றை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால், தொடாமல் விட்டவை நேராக ஹீலரிடம் போகும். பலர் இதை ஹீலரின் தவறு என்று திட்டுகிறார்கள், அது அநியாயம்.

ஆகவே, டேங்க் எல்லாவற்றையும் ஒரு தட்டாவது தட்டி, முதல் இலக்கில் இரண்டு மூன்று அடி போடும்வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். அரக்கர் தலைமேல் வைக்கும் குறிகளில், மண்டையோட்டுக் குறி முதலில் சாக வேண்டியது, பெருக்கல் குறி அடுத்தது, நிலாக் குறி மந்திரவாதி ஆடாக மாற்ற வேண்டியது. இதை வாசலிலேயே பேசிவிடுங்கள். முதல் நிலை ஆடு மந்திரம் 20 வினாடிதான் நிற்கும். சிறு அடி பட்டாலும் கலையும். அரக்கன் தன்னிடம் வந்தால் ஹீலர் டேங்க்கை நோக்கி ஓட வேண்டும், எதிர்த்திசையில் ஓடக் கூடாது.

அடுத்தது, அங்குள்ள டிஃபியாஸ் கொள்ளையர்கள். உயிர் குறைந்ததும் அடுத்த கூட்டத்தை நோக்கி ஓடி, அதையும் இழுத்து வருவார்கள். சுத்தம் செய்த இடத்துக்கு இழுத்து வந்து அடியுங்கள். வேகத்தைக் குறைக்கும் அடியைக் கடைசிக்கு வைத்திருங்கள். முதல் தலைவன் ராக்ஸோர் விழுந்ததும் பின்னாலிருந்து ரோந்து வரும், அப்போது தண்ணீர் குடிக்க உட்காராதீர்கள். உள்ளே இருக்கும் கப்பலில் மிஸ்டர் ஸ்மைட் என்னும் தலைவன், தன் உயிர் 66 சதவீதத்திலும் 33 சதவீதத்திலும் எல்லோரையும் ஸ்டன் செய்து (அசையாமல் ஆக்கி)விட்டு ஆயுதம் மாற்றுவான். அந்த அளவுகளுக்குச் சற்று முன்பே டேங்க்கின் உயிரை நிரப்பி வைக்க வேண்டும்.

செத்தபின் மூன்றே கேள்வி: முதலில் விழுந்தது யார், அவரை அடித்தது எது, அது ஏன் அவரிடம் வந்தது? "யாரால்?" என்ற கேள்வி வேண்டாம்.

கேள்வி: 40 பேர் சேர்ந்து போகும் ரெய்டில் (பெரிய வேட்டையில்) பொருள் பங்கீட்டுக்குப் புள்ளி முறை வைத்தோம். பழையவர்களே எல்லாவற்றையும் எடுக்கிறார்கள், புதியவர்கள் விலகுகிறார்கள்.

பதில்: டிகேபி (டிராகன் கொன்ற புள்ளிகள்) என்னும் இந்த முறை எவர்க்வெஸ்டில் டிராகன் வேட்டையாடிய கில்டுகளிடமிருந்து வந்தது. வந்து உழைத்தால் புள்ளி, பொருள் எடுத்தால் கழிவு. குவிவதற்கு வரம்பில்லாததுதான் உங்கள் சிக்கல். வாரந்தோறும் இருப்பில் 10 சதவீதம் குறைத்துவிடுங்கள். வாரத்துக்கு 20 புள்ளி கிடைக்கிறது என்றால், எத்தனை வருடம் ஆடினாலும் இருப்பு 200-ஐத் தாண்டாது. புதியவர் பத்து வாரத்தில் 130 சேர்த்துவிடுவார், போட்டியிடலாம். தேய்மானத்தைத் திடீரென்று அமல்படுத்தாமல் ஒரு மாதம் முன்பே அறிவியுங்கள். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்; ஒருவர் கையில் மறைந்திருக்கும் கணக்கு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சந்தேகத்தை வளர்க்கும்.

ஐந்து பேர் டஞ்சனுக்கு இதெல்லாம் தேவையில்லை. கிடைக்கும் பொருளை இப்போதே அணியப் போகிறவர் 'நீட்' (தேவை), விற்பவர் 'க்ரீட்' (ஆசை) என்று உள்ளே நுழையும் முன்பே சொல்லிக்கொண்டால் போதும்.

கேள்வி: டஞ்சனுக்குத் தானாகவே குழு சேர்த்துத் தரும் டஞ்சன் ஃபைண்டர் நட்பைக் கொன்றுவிட்டதா?

பதில்: 2009 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு அது வந்தபோது, பிற சர்வர்க்காரர்களும் ஒரே குழுவில் சேர்ந்தார்கள். முடிந்ததும் பிரிந்தால் மறுபடி சந்திப்பது அரிது. முரடாக நடந்தாலும் பெயர் கெடுவதில்லை. ஆனால், வேலை முடிந்து 40 நிமிடம் மட்டும் கிடைக்கிறவருக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டோம். கில்ட் வளர்க்க நினைப்பவர் வாரத்தில் ஒரு நாளையும் நேரத்தையும் நிலையாக வைத்து, நாலு பழையவர்களோடு ஐந்தாவது இடத்தைப் புதியவருக்கு ஒதுக்கட்டும். அடுத்த வாரத்துக்கான அழைப்பை, குழு கலையும் முன்பே அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.