வட்டுக்கோட்டை செமினரி: கேட்டவைக்குப் பதில்கள்

கே: யாழ்ப்பாணக் கல்லூரி 1823இல் தொடங்கியதுதானே ஐயா?

1823இல் தொடங்கியது வட்டுக்கோட்டை செமினரி, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய உயர்கல்விக்கூடம். முதல் அதிபர் டானியேல் பூவர். அது 1855இல் மூடப்பட்டது. யாழ்ப்பாணக் கல்லூரி 1872இல் வந்தது. நடுவில் 17 வருடம். ஆண்டுவிழா மலர்களை மட்டும் வைத்து வரலாறு எழுதாதீர்கள்.

கே: கிரகணக் கதை உண்மையா?

உண்மை. 1829இல் சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கம் ஒன்று சொல்ல, பூவரின் கணக்கு வேறொன்று சொன்னது. நேரத்திலும் அளவிலும் வித்தியாசம். பூவர் அதை முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டார். கடைசியில் அவர் கணக்கே சரியாக வந்தது. மலர்கள் இதோடு கைதட்டி முடித்துவிடும். பின்னால் அதிபரான ஹொய்சிங்டன் 1848இல் நம்மவர் வானியல் கணித முறையையே ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார், சிவஞானபோதத்தையும் மொழிபெயர்த்தார். அதை ஒருவரும் கேட்பதில்லை!

கே: நாவலர் அங்கே படித்தாரா?

இல்லை. ஆறுமுக நாவலர் படித்தது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில், பேர்சிவல் பாதிரியாரிடம்.

கே: நன்றாக நடந்த செமினரியை ஏன் மூடினார்கள்?

நன்றாக நடந்ததுதான் காரணம். பையன்கள் ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். மதம் பரப்பப் போதகர் வேண்டுமென்று பணம் அனுப்பிய பொஸ்டன் மிஷன் தலைமையகத்துக்கு இது பிடிக்குமா? அங்கிருந்து மிஷன் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் நேரில் வந்தார். ஊர்மொழியில் படிப்பித்தாலே போதும் என்பது அவர் வாதம். கதை முடிந்தது. இலங்கையின் பிரிட்டிஷ் அரசாங்கச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இந்தச் செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது.

கே: சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி சி.வை.தாமோதரம்பிள்ளைதானே?
கே: கரோல் விசுவநாதபிள்ளையை ஏன் மறைக்கிறீர்கள்?

யார் மறைத்தது தம்பி? 1857இல் இருவரும் ஒன்றாகத் தேறினார்கள், இருவருமே செமினரி மாணவர். பின்னால் கலித்தொகையைப் பதிப்பித்ததால் சி.வை.தா. பெயர் நிலைத்தது. அவ்வளவுதான்.

கே: 'கரோல்' என்ன பெயர்? சாதியை மறைக்கவா?

இல்லை. படிப்புச் செலவைக் கொடுத்த அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது அங்கே வழக்கம். 1841இல் உதயதாரகைப் பத்திரிகையை நடத்திய ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்தான்.

கே: சரி ஐயா, யார் முதல் இடம், சி.வை.தா.வா கரோலா?

மூன்றாம் முறை. மேலே பாருங்கள்.

கே: வட்டுக்கோட்டைத் தீர்மானம் பற்றி...

அது 1976, அரசியல். என்னிடம் கேட்காதீர்கள்.

கே: யாழ்ப்பாணக் கல்லூரி எந்த ஆண்டு?

1872.