பியானோ எங்கே போனது?

அன்புள்ள சார்,

'ஸ்பை ஃபேமிலி' அனிமேயில் வரும் 'மிக்ஸ்ட் நட்ஸ்' பாட்டு பிடித்துப்போய், அதைப் பாடிய ஜப்பானியக் குழுவான அஃபீஷியல் ஹிகே டான்டிசத்தைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். அவர்களுடைய ஆரம்பகாலப் பாடல்களில் பியானோ துள்ளும் விதம் அருமை. ஆனால் 'ரிஜாய்ஸ்' ஆல்பத்தைக் கேட்டபோது பாதியிலேயே காது களைத்துவிட்டது. பியானோ ராக் குழு என்கிறார்கள், பியானோவைத் தேட வேண்டியிருக்கிறது. வயலின், டிரம்பெட், எலக்ட்ரானிக் சத்தம் எல்லாம் சேர்ந்து அமுக்குகின்றன. இப்போது டிராமாவுக்கும் அனிமேவுக்கும் ஆர்டர் எடுத்துப் பாட்டு போடுகிறவர்களாக ஆகிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. எந்த ஆல்பத்தில் தொடங்கியிருக்க வேண்டும்? மொழி தெரியாமல் கேட்பதால் எதையாவது தவறவிடுகிறேனா?

கவின்

அன்புள்ள கவின்,

'ரிஜாய்ஸ்' முதலில் கேட்க வேண்டிய ஆல்பம் கிடையாது. 2024 ஜூலையில் வந்தது, மொத்தம் 16 தடங்கள். அதில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே தனித்தனியாக வெளிவந்தவை. ஒவ்வொன்றும் எங்கோ ஒலிக்கும்போது ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று செய்த பாட்டு. அப்படிப்பட்டவற்றை வரிசையாக அடுக்கினால் யாருக்கும் களைப்பு வரும். எனக்கும் அதை ஒரே மூச்சில் கேட்க முடிவதில்லை. கடைசியில் வரும் 'பி-சைட் ப்ளூஸ்' அடக்கமான, நல்ல பாட்டு. பாவம், அதுவரை தாக்குப்பிடிப்பவர்கள் குறைவு.

சரி, பியானோ விஷயத்துக்கு வருகிறேன். அங்கேதான் உங்களோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு.

அவர்களை நாடு முழுக்கத் தெரியவைத்த 'ப்ரிடெண்டர்' (2019) எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். முன்னிசையில் காதில் விழுவது ஒஸாசா டைசுகேயின் கிட்டார். பியானோ பின்னால் நிற்கிறது. ஆனாலும் அது பியானோக்காரர் எழுதிய பாட்டு என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கிட்டாரில் பாட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கை எளிதாகப் போகும் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை) சுற்றியே மெட்டைக் கட்டுவார்கள். பியானோவில் வலது கை ஒரு கார்டைப் பிடித்தபடியே இருக்க, இடது கை கீழே ஸ்வரத்தை ஒவ்வொரு படியாக இறக்கலாம். ஒரு விரலை நகர்த்தினால் போதும், கார்டின் நிறம் மாறிவிடும். குழுவின் பாடகரும் பியானோக்காரருமான ஃபுஜிஹாரா சடோஷியின் பாடல்களில் இது ஓயாமல் நடக்கிறது. மேலே மெட்டு சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும், அடியில் தரை நகர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் அந்தக் குரல், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உச்சிக்குத் தாவும்.

'க்ரை பேபி' (2021) இதன் எல்லை. 'டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்' அனிமேவுக்காக எழுதியது. 4 நிமிடப் பாட்டில் ஸ்கேல், அதாவது பாட்டின் ஆதார சுருதி, பல தடவை மாறுகிறது. ஜே-பாப்பில், அதாவது ஜப்பானிய பாப் இசையில், கடைசிக் கோரஸை ஒரு படி ஏற்றிப் பாடுவது பழைய பழக்கம், கேட்பவர்கள் அதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள். இங்கே கோரஸுக்குள் நுழையும்போதே தரை மாறிவிடுகிறது, மாறியதைப் பழகுவதற்குள் மறுபடியும் மாறுகிறது. அடி வாங்கித் தடுமாறி எழுந்து நிற்கும் பையன்களின் கதைக்கு அந்தத் தடுமாற்றம் கச்சிதம். இவ்வளவு ஸ்கேல் மாற்றத்தோடும் கூட்டத்தோடு பாட முடிகிற மெட்டை எப்படி எழுதினார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். பியானோவின் ஓசையை மட்டும் தேடினால் இந்தப் பாட்டில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்த வாத்தியத்தின் புத்தி பாட்டு முழுக்க இருக்கிறது.

மிக்ஸிங் பற்றிய உங்கள் குறையை மறுக்கவில்லை. அனிமேவின் தொடக்கப் பாட்டுக்குக் கிடைப்பது 90 வினாடி. அதற்குள் முன்னிசை, சரணம், கோரஸ், ஒரு முத்தாய்ப்பு எல்லாம் வந்தாக வேண்டும். அந்த 90 வினாடி அடர்த்தியை முழு நீளப் பாட்டுக்கும் இழுக்கும்போது மூச்சு விட இடமில்லாமல் போகிறது. 'மிக்ஸ்ட் நட்ஸ்' அந்த ஓட்டத்தையே தன் குணமாக்கிக்கொண்டதால் தப்பித்தது. நராஸாகி மகோடோவின் பேஸ் கிட்டார் ஜாஸ் நடையில் ஓட, மட்சுரா மசாகியின் டிரம்ஸ் அதைத் துரத்துகிறது. 'ரிஜாய்ஸ்' ஆல்பத்தில் உள்ள 'சோல்சூப்' அந்த அளவுக்குத் தப்பிக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் 'ஆர்டர் எடுக்கிறார்கள்' என்று நீங்கள் சொன்ன தொனியை ஏற்க முடியாது. சினிமாவுக்காக எழுதிய பாட்டைக் கேட்டே வளர்ந்த நாம் இதைக் குறையாகச் சொல்லலாமா? ஜப்பானில் இதற்கு டை-அப் என்று பெயர். பாட்டு ஒரு கதைக்காக எழுதப்படும், ஆனால் குழுவின் சொந்தப் பாட்டாகவே வெளிவரும், பிறகு அவர்கள் ஆல்பத்திலும் சேரும். அதனால் கதைக்கும் பொருந்த வேண்டும், கதை தெரியாதவனுக்கும் பொருள்பட வேண்டும். ஃபுஜிஹாரா இதில் கெட்டிக்காரர். 'மிக்ஸ்ட் நட்ஸ்' வரிகளில், கொட்டைகள் நிறைந்த பொட்டலத்துக்குள் கொட்டைபோல நடித்துக்கொண்டு வேர்க்கடலை கலந்திருக்கிறது. வேர்க்கடலை உண்மையில் பயறு வகை, மண்ணுக்கடியில் காய்ப்பது. ஒற்றனும் கொலைகாரியும் மனதைப் படிக்கும் சிறுமியும் குடும்பம்போல நடிக்கும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. 'சப்டைட்டில்' (2022), செவித்திறனை இழந்த இளைஞனும் அவனுடைய பள்ளிக்காலக் காதலியும் மறுபடி சந்திக்கும் 'சைலண்ட்' தொடருக்கான பாட்டு. அதில் சொற்கள் பனித்துகள்கள். கொடுக்க வேண்டும் என்று இறுக்கிப் பிடித்தால் கையிலேயே உருகிவிடுகின்றன. யாரோ ஒரு விஷயத்தைக் கையில் கொடுத்ததால்தான் இப்படி எழுத முடிந்தது என்று நினைக்கிறேன். விஷயம் கொடுக்கப்படாத இடங்களில் அவருடைய காதல் பாட்டுகள் சில சமயம் வழவழவென்று போகும்.

இதற்குப் பெரிய விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்கள் தொடங்கியிருக்க வேண்டிய ஆல்பமும் அதுதான்.

'எடிட்டோரியல்' 2021 ஆகஸ்ட் 18 அன்று வெளியானது. மறுநாள் ஃபுஜிஹாராவுக்கு 30 வயது. தலைப்புப் பாட்டில் குரல் மட்டுமே, அதையும் எந்திரத்தின் வழியாக அடுக்கடுக்காக்கி வைத்திருக்கிறார். அது முடிந்ததும் 'அபோப்டோசிஸ்'. உடலில் செல்கள் தாமாகவே, திட்டமிட்டபடி இறந்துபோவதற்கு உயிரியலில் உள்ள பெயர். ஒரு பாப் ஆல்பத்தில், ஹிட் பாடல்கள் எதுவும் வருவதற்கு முன்னால், 6 நிமிடத்துக்கும் மேல் நீளும் மரணப் பாட்டை வைக்கத் துணிச்சல் வேண்டும். பாட்டில் ஒருவர் தன் துணையிடம், வர வேண்டிய நேரம் வந்தால் வருந்தாதே என்று பேசுகிறார். தத்துவமெல்லாம் இல்லை, பயம்தான். வயதாகிறது, வழியனுப்ப வேண்டியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் என்ற சாதாரண மனிதனின் பயம். மெட்டு அவசரப்படவில்லை, வாத்தியங்கள் ஒவ்வொன்றாக மெதுவாக வந்து சேர்கின்றன. இவ்வளவு இடம் விட்டு அவர்கள் வேறெங்கும் எழுதவில்லை. இதற்கு அடுத்ததாக 'ஐ லவ்' வரும்போது, ஏற்கெனவே நூறு தடவை கேட்ட அந்தக் காதல் பாட்டு வேறு பாட்டாகக் கேட்கிறது. தனியாக வெளிவந்த ஹிட்டுகளை ஆல்பத்தில் எங்கே உட்கார வைப்பது என்று இங்கே யோசித்திருக்கிறார்கள். 'ரிஜாய்ஸ்' செய்யத் தவறியது அதைத்தான். 2023-இல் ஃபுஜிஹாராவின் குரல்நாணில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி வந்து மேடை நிகழ்ச்சிகளை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஆல்பம் என்பதால் அந்த உற்சாகத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது, அவ்வளவுதான்.

2019 அக்டோபரில் வந்த 'டிராவலர்' இன்னும் சீரானது, எளிதாகப் பிடித்துவிடும். 'எடிட்டோரியல்' கனமாக இருந்தால் அதற்குப் போங்கள். நான்கு பேரும் 2012-இல் ஷிமானே மாகாணத்தில் சேர்ந்தவர்கள். ஜப்பானில் மக்கள்தொகை குறைந்த மாகாணங்களில் அதற்கு இரண்டாம் இடம். முதலிடம் ஃபுஜிஹாரா பிறந்த பக்கத்து மாகாணம் டொட்டோரிக்கு. ஃபுஜிஹாரா கொஞ்ச காலம் வங்கியில் விற்பனை வேலை பார்த்துக்கொண்டு பாடியவர். 2016-இல்தான் குழு டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தது. உங்களுக்குப் பிடித்த ஆரம்பகாலப் பாடல்களில் அந்தச் சின்ன ஊர் மேடைகளின் ஆர்வம் இருக்கிறது: வந்தவர்களை எப்படியாவது ஆடவைத்துவிட வேண்டும் என்ற துடிப்பு. அவற்றில் எனக்கு நிலைத்தது 2018-இன் 'எஸ்கபரேட்' ஆல்பத்தில் உள்ள '11.5 லட்சம் கிலோமீட்டர் ஃபிலிம்'. ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் படம் பிடிக்கும் கற்பனை. நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 35 மில்லிமீட்டர் ஃபிலிமை 80 வருடம் ஓடவிட்டால் ஏறக்குறைய அந்த நீளம்தான் வரும், நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மொழி தெரியாதது குறையா என்று கேட்டிருந்தீர்கள். மெட்டுக்குக் குறை இல்லை. ஆனால் மேலே சொன்ன வேர்க்கடலையும் பனியும் கிடைக்காமல் போகும். முதல் தடவை சும்மா கேளுங்கள், இரண்டாம் தடவை யாராவது செய்த மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பியானோவே முன்னால் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு ஷிமானேயின் மட்சுவே நகரத்திலிருந்தே இன்னொரு குழு வந்திருக்கிறது, ஒமோய்னோடாகே. மூன்று பேர், கிட்டார் கிடையாது. கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 'ரிஜாய்ஸ்' ஆல்பத்தில் நீங்கள் அநேகமாகத் தாண்டிப்போயிருக்கக்கூடிய 'செஸ்போர்டு', ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே நடத்தும் தேசியப் பள்ளி இசைப் போட்டியின் நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்காக 2023-இல் எழுதிக் கொடுத்த பாட்டு. அதுவும் ஆர்டர்தான். ஆல்பத்தில் இருப்பது குழுவின் வடிவம். போட்டியில் மாணவர்கள் பாடுவது சேர்ந்திசை வடிவம், பக்கவாத்தியம் ஒரே ஒரு பியானோ. முதலில் அந்தச் சேர்ந்திசையைக் கேளுங்கள், அப்புறம் ஆல்பத்துக்கு வாருங்கள். இந்தத் தடவை பியானோவைத் தேட வேண்டியிருக்காது.

அன்புடன்