அறுகம்குடாவுக்குப் போகிறீர்களா? கண்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்

கேள்வி: நாங்கள் மதுரையைச் சேர்ந்த தம்பதி, நாற்பதைத் தொட்டவர்கள். பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, ஜூலைக் கடைசியில் ஆறு இரவுகள் இலங்கை செல்ல நினைக்கிறோம். கண்டி, நுவரெலியா, எல்ல மூன்றையும் பார்த்துவிட்டுக் கடைசி இரண்டு இரவுகள் அறுகம்குடாவில் தங்குவதாகத் திட்டம். கணவருக்கு அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்க ஆசை. எனக்கு நீச்சலே தெரியாது, ஓய்வுதான் வேண்டும். இந்தத் திட்டம் சரிவருமா?

பதில்: மாதம் சரி, இடமும் சரி. வரிசைதான் தவறு. நீங்கள் எழுதியிருப்பது ஓய்வுப் பயணம் அல்ல, கார் பயணம். ஆறு இரவில் நான்கு ஊர் என்றால் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகவே பொழுது போய்விடும். அலைகளிடம் வந்து சேரும்போது இருவருக்கும் முதுகுவலிதான் மிஞ்சும்.

முதலில் மாதத்தைப் பற்றி. அலைச்சறுக்கு ஊர்களில் நாள்காட்டியைக் காற்றுதான் எழுதுகிறது. அறுகம்குடா இருக்கும் இலங்கையின் கிழக்குக் கரையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை உச்சம். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் அனுப்பும் நீண்ட அலைகள் தீவின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி வளைந்து இந்தக் குடாவுக்குள் நுழைகின்றன. அதே மாதங்களில் தென்மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி, காற்று வீசுகிறது. எதிர்க்காற்று தாங்கிப் பிடிப்பதால் அலையின் முகம் கண்ணாடிபோல் நிற்கும். அந்தக் காற்றைக் கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்பார்கள். வேர்க்கடலைக்கும் அங்கே கச்சான் என்றுதான் பெயர். கடையில் கேட்கும்போது குழம்ப வேண்டாம். நவம்பர் முதல் வாடைக்காற்றும் மழையும் வந்துவிடும். அலைச்சறுக்குக் கூட்டம் அப்படியே வெலிகம, ஹிக்கடுவை என்று தென்மேற்குக் கரைக்குக் குடிபெயரும். டிசம்பரில் போகலாமா என்று நீங்கள் கேட்டிருந்தால் அறுகம்குடாவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

இப்போது வரிசை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் இரவை நீர்கொழும்பில் கழியுங்கள். மறுநாள் காலை நேராகக் கிழக்கே புறப்பட்டால் காரில் ஏறக்குறைய ஆறேழு மணி நேரம். அங்கே நான்கு இரவுகள். கடைசி இரவு மட்டும் எல்ல. அறுகம்குடாவிலிருந்து அது மூன்று மணி நேரத் தொலைவுதான், திரும்பும் வழியை இரண்டாக உடைத்துக் கொடுக்கும், மலையும் பார்த்ததாகிவிடும். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இன்னொரு முறை போகலாம். அவை எங்கும் ஓடிவிடாது. இந்தியர்கள் இணையவழிப் பயண அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால் இலங்கை அரசின் தளத்தில் மட்டும் பார்த்து விண்ணப்பியுங்கள்.

ஊர் என்று சொன்னாலும் அது பெரும்பாலும் ஒரே தெருதான். பொத்துவில் நகரிலிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டர் வந்து, களப்பின் (கடற்கழியின்) மேலுள்ள பாலத்தைத் தாண்டினால் உல்லைக் கிராமம். 2004 சுனாமியில் இந்த இடம் கடுமையாக அடிபட்டது. இன்று அந்தப் பாலத்தில் மாலை வேளைகளில் வலை வீசுபவர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நிற்கலாம். கடைக்காரரும் ஆட்டோக்காரரும் பெரும்பாலும் தமிழிலேயே பேசுவார்கள். பொத்துவில் முஸ்லிம்களும் தமிழர்களும் வாழும் ஊர். ரொட்டிக் கடையில் வழி கேட்டுப் பேச்சுத் தொடங்கினால் அரை மணி நேரம் கதைக்காமல் விடமாட்டார்கள். பாண் என்றால் பிரெட், பிளேன் டீ என்றால் பால் சேர்க்காத தேநீர். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் காலை உணவு முடிந்தது. கடற்கரையில் நீச்சலுடை வழக்கம்தான். பொத்துவில் கடைத்தெருவுக்குப் போகும்போது மட்டும் தோளும் முழங்காலும் மூடிக்கொள்ளுங்கள்.

அறையைப் பதிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரவில் பாட்டு எங்கே போடுகிறார்கள்? முதல் முறை நான் கடலைப் பார்த்த அறை என்று மகிழ்ந்து எடுத்தேன். இரவு இரண்டு மணி வரை கட்டிலே அதிர்ந்தது. தெருவின் நடுப்பகுதியைத் தவிர்த்து, ஓரமாகவோ உள்சந்திலோ ஒரு சிறு குடிலை எடுத்தால் போதும். ஜூலையில் புழுக்கம் அதிகம். மின்விசிறி மட்டும் உள்ள அறை என்றால் காற்றோட்டம் எப்படி என்று கேட்டுவிடுங்கள், கொசுவலை அவசியம்.

உங்கள் கணவர் விஷயம். பெரிய முனை என்ற புகழ்பெற்ற அலைச்சறுக்கு இடம் குடாவின் தெற்கு மூலையில் இருக்கிறது. கரையைப் பார்த்து நிற்பவருக்கு வலப்புறமாக உருண்டுகொண்டே வெகுதூரம் ஓடும் அலை. பார்க்க அழகு, பழகாதவருக்கு ஆகாது. அடியில் பாறை, மேலே நெரிசல், ஒரு அலைக்கு ஒருவர் என்ற எழுதாத சட்டம். அதற்கு உட்புறமுள்ள சின்ன முனையில் புதியவர்கள் பழகுகிறார்கள். என் விருப்பம் பொத்துவிலுக்கு வடக்கேயுள்ள விஸ்கி முனை. அலை மென்மை, மணல் தரை மிகுதி. கூரையில் பலகை கட்டச் சட்டம் பொருத்திய ஆட்டோக்கள் விடியுமுன்பே தெருவில் காத்திருக்கும். போய் வரும் வாடகையை ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள்.

பாடம் காலை ஆறரைக்குத் தொடங்கட்டும். பதினோரு மணிக்குமேல் காற்று மாறி நீர் கலங்கிவிடும், வெயிலும் ஏறும். முதல் நாள் பாதி நேரம் மணலில்தான். குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, ஒரே வீச்சில் எழுந்து பக்கவாட்டில் நிற்பதைப் பத்து இருபது முறை செய்யச் சொல்வார்கள். சிரிப்பாக இருக்கும், மறுநாள் தோள் சிரிக்காது. பிறகு உடைந்து நுரையாக வரும் அலையில், இடுப்பளவு நீரில், மென்மையான பெரிய பலகையில் பழக்கம். எல்லோரும் செய்யும் தவறு குனிந்து கால்களைப் பார்ப்பது; பார்த்தவுடன் விழுவார்கள். கண் கரையிலுள்ள ஒரு மரத்தில் இருக்கட்டும். முழுக்கைச் சட்டை இல்லாமல் இறங்கினால் பலகை வயிற்றுத் தோலை உரித்துவிடும். தினமும் ஒரு பாடம் போதும். மூன்றாம் நாள் அவர் பலகையில் எழுந்து நின்றுவிடுவார். அதற்குமேல் ஆசைப்பட்டு மாலையிலும் இறங்கினால் நான்காம் நாள் படுக்கையில்தான். பாறையில் கீறல் விழுந்தால் நல்ல நீரில் கழுவி மருந்திடுங்கள். ஆழமாகப் பட்டால் பொத்துவிலில் அரசு ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

நீங்கள் பலகை ஏற வேண்டாம் என்பதே என் கருத்து. காலில் கட்டும் கயிறு பலகை ஓடிவிடாமல் இருப்பதற்கு. அது உயிர்காக்கும் சட்டை அல்ல. நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டு அடுத்த முறை வாருங்கள். இம்முறை உங்களுக்கான இடம் பொத்துவில் களப்பு. மீனவர்கள் தோணியில் உட்காரவைத்துத் துடுப்பு வலித்துக் கண்டல் (அலையாத்தி) காடுகளுக்குள் கூட்டிப்போவார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மோட்டார் சத்தம் இல்லை; நாரையும் மீன்கொத்தியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். நான் போன மாலையில் துடுப்பை நிறுத்திவிட்டுத் தோணிக்காரர் விரலால் காட்டினார். எனக்கு மரக்கட்டையாகத் தெரிந்தது, கண் சிமிட்டிய பிறகே முதலை என்று புரிந்தது. நீரில் கைவிட்டுக்கொண்டு போகும் வழக்கம் அன்றோடு போயிற்று.

மற்ற நேரத்தில் என்ன செய்வது? இந்த ஊரில் பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை எல்லோரும் படுத்துத்தான் கிடப்பார்கள், நீங்களும் படுங்கள். மாலையில் கொத்து ரொட்டி, இல்லையென்றால் மீன் கறியும் சோறும். கடைசியில் எருமைத் தயிரில் கித்துள் பாணி (கூந்தற்பனைப் பாகு) ஊற்றிச் சாப்பிடுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் மதுக்கடை முழுவதும் மூடியிருக்கும் என்பதைக் கணவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு நாள் வெளியே போவதானால் தெற்கே பாணமை வழியாக உகந்தை முருகன் கோயிலுக்குப் போங்கள். கடலோரப் பாறைகளை ஒட்டி நிற்கும் கோயில். அதைத் தாண்டினால் குமண வனம். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் காட்டுக்குள் நுழையும் வாசல் அதுதான். ஆடித் திருவிழா நாட்கள் உங்கள் தேதியோடு சேர்ந்துவந்தால் சாலை நிரம்பிவிடும், விடிகாலையிலேயே கிளம்புங்கள். எப்படியானாலும் ஐந்து மணிக்குள் பாணமையைக் கடந்து திரும்பிவிடுங்கள். அந்தி சாய்ந்தால் அந்தச் சாலை யானைகளுக்குச் சொந்தம். ஆட்டோக்காரரே விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்.